சீரம் நீங்கிய ஊடகம்: மாற வேண்டியது கரைசலா, செல்லா?

விலங்கின் உடலைவிட்டுப் பிரித்தெடுத்த செல் எதை உண்டு பெருகும்? செல்வளர்ப்பு இறைச்சியைப் பற்றிய பேச்சில் இன்று அடிக்கடி எழும் இந்தக் கேள்வி, அந்த இறைச்சியைவிட நூறாண்டு மூத்தது. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியொன்றில் வளர்த்துக் காட்டியபோதே அது பிறந்துவிட்டது. அதன்பின் பல விடைகள் வந்தன. ஆனால் ஆய்வகங்களில் நிலைத்து நின்றது ஒன்றுதான்: விலங்கின் இரத்தத்திலிருந்தோ கருவிலிருந்தோ எடுத்த ஏதாவதொரு திரவத்தை ஊற்றுவது. 1950களின் இறுதியிலிருந்து அந்த இடத்தைக் கருக்கன்றுச் சீரம் பிடித்துக்கொண்டது. இறைச்சிக்கூடத்தில் வெட்டப்படும் சினைப்பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் இதயத்தில் ஊசியிட்டு இரத்தத்தை எடுத்து, அதை உறையவிட்டுப் பிரிப்பார்கள். பிறந்த விலங்கின் சீரத்தைவிட அதில் எதிர்ப்புப் புரதங்கள் குறைவு, வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் அதிகம். வழக்கமான ஊடகத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு அதுவே.

2013 ஆகஸ்ட் 5 அன்று லண்டனில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் மேடையேற்றிய மாட்டிறைச்சி பர்கருக்கு இரண்டரை லட்சம் யூரோ செலவானது. அதுவும் இந்தச் சீரத்தில்தான் வளர்ந்தது. மாட்டைக் கொல்லாத இறைச்சிக்குக் கன்றுக்கருவின் இரத்தம் தேவைப்பட்டது என்ற முரண்பாட்டை எதிர்ப்பாளர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அறத்தை ஒதுக்கிவைத்தாலும் கணக்கு உதைக்கிறது. ஒரு செல்லின் எடை ஏறக்குறைய 3.3 நானோகிராம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி செல்கள் வளர்ந்தால், அது சாதாரண உயிர்க்கலனில் நல்ல விளைச்சல்தான், ஒரு லிட்டரில் சுமார் 33 கிராம் கிடைக்கும். ஆக, ஒரு கிலோ செல்லுக்கு 30 லிட்டர் ஊடகம். இதில் பத்து விழுக்காடு சீரம் என்றால் 3 லிட்டர். 2002இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர் கருக்கன்றுச் சீரம் திரட்டப்பட்டது. அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் தேவைப்பட்டன. அவ்வளவையும் கொட்டினாலும் 170 டன் இறைச்சிகூடத் தேறாது. சீரத்தை விட்டொழிக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லாததற்கு இந்தக் கணக்கே போதும்.

வேறுபாடு, எதைக் கொண்டு அதை நிரப்புவது என்பதில்தான். ஒரு சாரார் சீரத்தின் உட்பொருள்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். வேறு சிலர் அது சுமந்துவரும் சமிக்ஞைகளே முக்கியம் என்றார்கள். இன்னொரு கூட்டம், விலங்குச் சாறு போனால் தாவரச் சாறு வரட்டும் என்றது. இந்த மூன்று பாதைகளிலும் பெற்ற வெற்றிகளை உற்றுப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் சத்தமில்லாமல் மாறியிருப்பது செல்லும்தான். ‘சீரமற்றது’ என்பதைக் கரைசலின் குணமாக மட்டும் எண்ணுவது போதாது. அது கரைசலும் செல்லும் சேர்ந்த ஓர் இணையின் குணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படிப் பார்க்கும்போது, தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்படும் சில சிக்கல்கள் இடம் மட்டுமே மாறியிருப்பது தெரியும்.

சீரம் செய்யும் வேலைகள்

சீரத்தை வெறும் உணவாக நினைப்பதிலிருந்துதான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வைட்டமின்களும் உப்புகளும் ஏற்கெனவே அடிப்படை ஊடகத்தில் இருக்கின்றன. சீரம் தருவது வேறு. பிரியலாம் என்று செல்லுக்கு அனுமதி கொடுக்கும் வளர்ச்சிக் காரணிகளும் ஹார்மோன்களும் அதில் உள்ளன. டிரான்ஸ்ஃபெரின் இரும்பைச் சுமந்து வருகிறது. அல்புமின் கொழுப்பமிலங்களைச் சுமக்கிறது; நச்சு உலோகங்களைப் பிடித்துவைக்கிறது; ஆக்சிஜனேற்றத்தின் தாக்குதலைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஃபைப்ரோநெக்டினும் விட்ரோநெக்டினும் செல்லைத் தளத்தோடு ஒட்டவைக்கின்றன. வளர்ந்த செல்களைத் தளத்திலிருந்து பெயர்த்தெடுக்க டிரிப்சின் சேர்ப்பார்கள். அதை உரிய நேரத்தில் நிறுத்தும் தடுப்புப் புரதமும் சீரத்தில் உண்டு. கலக்கும் கலனில் நீரோட்டத்தின் உராய்விலிருந்து செல்லைக் காப்பதும் சீரமே. சீரத்தை நீக்கும்போது இந்த ஐந்தாறு வேலைகளும் ஒரே நாளில் ஆளில்லாமல் போகின்றன.

அதே சீரம் தடையாகவும் நிற்கும். தசைச் செல்கள் பெருகுவதோடு நின்றால் இறைச்சி ஆகாது. அவை ஒன்றோடொன்று இணைந்து நாராக வேண்டும். சீரம் நிறைந்த ஊடகத்தில் அவை பெருகிக்கொண்டே இருக்கும், இணையத் தயங்கும். அதனால் பத்து, இருபது விழுக்காட்டிலிருந்த சீரத்தை இரண்டாகக் குறைத்துப் பட்டினி போட்டு நாராக்குவது ஆய்வகங்களின் பழைய வழக்கம். தொடக்கத்திலேயே சீரம் இல்லையென்றால் எதைக் குறைத்துப் பட்டினி போடுவது? இந்த இரண்டாம் கேள்வி முதல் கேள்வியின் நிழலில் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

பட்டியலாக எண்ணியவர்கள்

நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் 1912இல் தொடங்கிய கோழி இதயத் திசு வளர்ப்பு 1946 வரை நீடித்ததாகப் பெயர் பெற்றது. அதற்கு ஊட்டம், கோழிக் கருவை அரைத்தெடுத்த சாறு. உடலுக்கு வெளியே செல்களுக்குச் சாவே இல்லை என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. 1961இல் லியோனார்ட் ஹேஃப்லிக், இயல்பான மனிதச் செல்கள் குறிப்பிட்ட முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார். கேரலின் வளர்ப்பில் கருச்சாற்றோடு புதிய செல்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்ற ஐயம் அதன்பின் வலுத்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சாறு, முடிவையே மாற்றிவிடக்கூடும். இந்தத் துறைக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை அது, இன்றைக்கும் காலாவதியாகவில்லை.

ஹாரி ஈகிள் 1955இல் செய்தது அதற்கு நேர் எதிரானது. எலியின் எல் செல்களுக்கும் ஹீலா செல்களுக்கும் தேவையான பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, 13 அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், உப்புகள், குளுக்கோஸ் என்று பட்டியலிட்டார். இன்று விற்கும் அடிப்படை ஊடகங்களில் பல அந்தப் பட்டியலின் வழிவந்தவை. அவருடைய பட்டியலின் கடைசியில் ஒரு வரி அழியாமல் நின்றது: கொஞ்சம் சீரம். அடுத்த ஆண்டே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வர்ஜீனியா எவன்ஸ் குழுவினர், புரதமே கலக்காத என்சிடிசி 109 என்ற ஊடகத்தில் எல் செல்களை வளர்த்தார்கள். 1965இல் ரிச்சர்ட் ஹாம் தம் எஃப்12 ஊடகத்தில் சீன வெள்ளெலிக் கருப்பைச் செல்கள் உள்ளிட்டவற்றைச் சீரமின்றி, தனிச் செல்லிலிருந்தே கூட்டமாகப் பெருக வைத்தார்.

அப்படியானால் 1965இலேயே கேள்வி தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. எல் செல்கள் புற்றூட்டும் வேதிப்பொருளைத் தாங்கி, ஆண்டுக்கணக்கில் கண்ணாடிக் குடுவையிலேயே வாழ்ந்து பழகியவை. வெள்ளெலிச் செல்லும் எல்லையின்றிப் பிரியும் வகை. உடலிலிருந்து நேற்று எடுத்த தசைச் செல்லை அதே எஃப்12இல் இட்டால் அது சோர்ந்துவிடும். பட்டியல் செய்தவர்கள் கண்டது உண்மைதான்; ஆனால் அது ஏற்கெனவே மாறிவிட்ட செல்லைப் பற்றிய உண்மை. ஹாமின் வேலையில் இன்றைய விவாதத்துக்கு உதவும் வேறொன்று இருக்கிறது. அல்புமினின் இடத்தைக் கொழுப்பமிலங்கள் ஓரளவு நிரப்பும் என்று அவர் 1963இலேயே எழுதினார். அல்புமின் என்ற பொருளைத் தேடாமல் அது செய்யும் வேலையைத் தேடியதுதான் அங்கே புதுமை. அறுபதாண்டு கழித்து இதே அல்புமினில் வந்து துறை முட்டி நிற்பதைப் பார்க்கும்போது, பழைய கட்டுரைகளை யாரும் புரட்டுவதில்லையோ என்று தோன்றுகிறது.

சமிக்ஞைதான் சாரம் என்றவர்கள்

1976இல் கலிபோர்னியாவில் கார்டன் சாட்டோவும் இசுமி ஹயாஷியும் வேறு கோணத்தில் வந்தார்கள். சீரம் செய்யும் முதன்மையான வேலை ஹார்மோன்களைத் தருவதே. எந்தச் செல்லுக்கு எந்த ஹார்மோன்கள் என்று கண்டுபிடித்தால் சீரம் வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. எலியின் பிட்யூட்டரிச் செல் வரிசையொன்றில் அதைச் செய்தும் காட்டினார்கள். இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் என்ற மூவர் கூட்டணி சீரமற்ற ஊடகங்களின் அடித்தளமானது இந்தப் பள்ளியால்தான். இதன் பலம், செல்லுக்குச் செல் விடை மாறும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டது. பலவீனமும் அதுவே. ஒவ்வொரு செல் வகைக்கும் தேடலைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இருபது பொருள்களை மூன்று மூன்று அளவுகளில் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் 348 கோடிக்கும் அதிகமான சேர்க்கைகள் வருகின்றன. கலிபோர்னியாவின் டேவிஸ் போன்ற இடங்களில் இன்று புள்ளியியல் முறைகளைக் கொண்டு அந்தத் தேடலைச் சுருக்கப் பார்க்கிறார்கள். சேர்க்கைகளின் எண்ணிக்கை அதனால் குறையலாம். கோழிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்ற நிலை மாறுமா என்பது வேறு விஷயம். டேவிஸ் குழுவே 2022இல் பயன்படுத்தித் தீர்ந்த ஊடகங்களைப் பகுத்துப் பார்த்து, இனத்துக்கும் செல் வகைக்கும் ஏற்ப ஊடகத்தைத் தனித்தனியே அமைக்க வேண்டியிருக்கும் என்ற முடிவுக்கு வந்தது.

சாட்டோவின் வழி பெரும் வெற்றி கண்டது குருத்துச் செல் ஆய்வில். விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் ஆய்வகம் 2006இல் வெளியிட்ட ஊடகத்தில் அடிப்படை ஊடகத்தோடு 18 பொருள்கள் சேர்ந்தன. அல்புமின் அவற்றில் ஒன்று. 2011இல் அதே ஆய்வகம் எட்டே பொருள்களில் ‘ஈ8’ ஊடகத்தைக் கொண்டுவந்தது. இது நடந்த விதம் கவனிக்கத்தக்கது. அல்புமினை எடுத்தவுடன் செல்கள் மடிந்தன. காரணம் அல்புமின் இல்லாதது மட்டுமல்ல. ஊடகத்தில் இருந்த மெர்காப்டோஎத்தனால் என்ற வேறொரு பொருள், அல்புமினின் காவல் இல்லாதபோது நஞ்சாக மாறியிருந்தது. இரண்டையும் சேர்த்து எடுத்தபோது செல்கள் பிழைத்தன. சில பொருள்கள் மற்றொரு பொருளின் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே ஊடகத்தில் குந்தியிருக்கின்றன என்ற இந்தப் பாடம், சீரத்தை ஒன்றுக்கு ஒன்று பதிலி வைத்து நிரப்ப முனைவோருக்கு நேரான பதில்.

இறைச்சிக் கணக்கு

குருத்துச் செல்லிலிருந்து மாட்டுத் தசைக்கு இந்தப் பாரம்பரியத்தைக் கொண்டுவந்தவர்கள் மாசசூசெட்ஸின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்ளான் குழுவினர். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2020இல் உருவான ‘பி8’ என்ற மலிவான குருத்துச் செல் ஊடகத்தை எடுத்து, மாட்டின் சாட்டிலைட் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தசைநாரோடு ஒட்டிக் கிடந்து, காயம் பட்டால் விழித்துப் பெருகுபவை இவை. இறைச்சிக்கு மிக இயல்பான தொடக்கம் இவைதான். பி8 தனியாகப் போதவில்லை. மரபணு மறுசேர்க்கையால் செய்த அல்புமின் என்ற ஒரே ஒரு பொருளைச் சேர்த்ததும் ஏழு முறை பெயர்த்து நடும்வரை செல்கள் சளைக்காமல் வளர்ந்தன. சராசரியாக 39 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தன. 2022இல் வெளிவந்த இந்த ஊடகத்துக்கு ‘பீஃபி-9’ என்று பெயர். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: அல்புமின் செல் ஒட்டுவதைக் கெடுப்பதால், நட்ட மறுநாள்தான் அதைச் சேர்க்க வேண்டும். சீரத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கலந்திருந்தன. அதைப் பிரித்த பிறகு, எதை எப்போது சேர்ப்பது என்ற கால ஒழுங்கும் செய்முறையின் பகுதியாகிவிடுகிறது.

விலைக்கு வருவோம். குட் ஃபுட் இன்ஸ்டிட்யூட்டின் லிஸ் ஸ்பெக்ட் 2020இல் செய்த கணக்கில், ஈ8 ஊடகம் அன்றைய விலையில் லிட்டருக்குச் சுமார் 377 டாலர். அதில் 95 விழுக்காட்டுக்கும் மேலானது எஃப்ஜிஎஃப்2, டிஜிஎஃப் பீட்டா என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகளின் விலை. மேலே சொன்ன 30 லிட்டர் கணக்கை இதில் பொருத்தினால் கிலோவுக்கு 11,000 டாலரைத் தாண்டும். அதனால் ‘வளர்ச்சிக் காரணிகளை மலிவாக்கினால் போதும்’ என்ற குரல் ஓங்கியது. அதற்கு வழிகளும் கிடைத்தன. உடல் வெப்பத்தில் எஃப்ஜிஎஃப்2 பத்து மணி நேரத்திலேயே பாதி செயலிழந்துவிடும். செக் நாட்டின் பிர்னோ நகர ஆய்வாளர்கள் அதன் அமைப்பைத் திருத்திப் பல நாள் தாங்கும் வடிவத்தை உருவாக்கினார்கள். ஐஸ்லாந்தில் பார்லித் தானியத்துக்குள்ளேயே இத்தகைய புரதங்களை விளைவிக்கிறார்கள். ஸ்பெக்ட்டின் கணக்கே, இவை கைகூடினால் லிட்டருக்கு ஒரு டாலருக்குக் கீழே இறங்கலாம் என்றது.

ஆனால் விலையை விட்டு எடையைப் பார்த்தால் படம் மாறுகிறது. பீஃபி-9இல் ஒரு லிட்டருக்கு எஃப்ஜிஎஃப்2 40 மைக்ரோகிராம், அல்புமின் 800 மில்லிகிராம், இருபதாயிரம் மடங்கு. கிலோவுக்கு 30 லிட்டர் என்றே வைத்துக்கொண்டால், பத்து லட்சம் டன் இறைச்சிக்கு எஃப்ஜிஎஃப்2 சுமார் 1.2 டன் போதும். அல்புமின் 24,000 டன் வேண்டும். ஒரு கிலோ செல்லில் உள்ள புரதம் சுமார் 200 கிராம். அதைப் பெற 24 கிராம் தூய்மைப்படுத்திய புரதத்தை ஊற்றுகிறோம் என்று பொருள். வளர்ச்சிக் காரணியின் விலை உயிரித்தொழில்நுட்பத்தால் இறங்கக்கூடியது. அல்புமின் மூட்டை மூட்டையாக வேண்டிய பண்டம். அதன் விலை சோயாப் புரதத்தோடு போட்டியிட வேண்டும். சிக்கல் தீரவில்லை, சமிக்ஞையிலிருந்து சுமைக்கு இடம் மாறியிருக்கிறது.

டஃப்ட்ஸ் குழு இதை உணர்ந்தே 2023இல் ‘பீஃபி-ஆர்’ ஊடகத்தை வெளியிட்டது. ரேப்சீட் எனப்படும் கடுகினப் பயிரின் புரதத்தைப் பிரித்தெடுத்து அல்புமினின் இடத்தில் வைத்தார்கள், வளர்ச்சி குறையவில்லை. ஹாம் 1963இல் செய்ததன் தர்க்கமே இது: அல்புமின் செய்யும் வேலையை வேறு எது செய்யும்?

சாறுகளின் பக்கம்

தாவரப் புரதம் உள்ளே வந்ததும் மூன்றாம் பள்ளியின் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறோம். சோயா, ஈஸ்ட், மீன்கழிவு ஆகியவற்றை நொதிகளால் சிதைத்த கரைசல்களும் நுண்பாசிச் சாறும் இரத்தத் தட்டணுச் சாறும் இந்த வகை. நாசாவின் ஆதரவில் நியூயார்க்கில் தங்கமீன் தசையை வளர்த்து 2002இல் வெளிவந்த ஆய்விலேயே காளான் சாறுகளைச் சீரத்துக்கு மாற்றாகச் சோதித்திருந்தார்கள். டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் நுண்பாசியிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் எடுத்துச் செல்லுக்குக் கொடுத்து, செல் வெளியேற்றும் அம்மோனியாவைப் பாசிக்கே திருப்பிக் கொடுக்கும் சுழற்சியை முயல்கிறார்கள். கருத்தளவில் இது அழகானது. ஜப்பானின் இன்டெக்ரிகல்ச்சர் நிறுவனம் இன்னொரு வழியில் போகிறது: உடலில் ஈரல் போன்ற உறுப்புகள் சுரப்பவற்றை, அந்த உறுப்புச் செல்களையே பக்கத்துக் கலனில் வளர்த்துச் சுரக்க வைப்பது.

இவற்றுக்கு எதிரான வாதம் தெரிந்ததுதான்: சாற்றின் தன்மை அறுவடைக்கு அறுவடை மாறும், கேரலின் கருச்சாற்றைப் போல உள்ளிருப்பது தெரியாது. மருந்துத் துறையிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரும் குற்றம். உணவுத் துறைக்கு அவ்வளவு பெரிய குற்றமா என்பது ஐயம். கோதுமையும் பாலும் பருவத்துக்குப் பருவம் மாறுபவைதான். ஆலைகள் அந்த மாறுபாட்டை அளந்து சமாளிக்கின்றன. செல்வளர்ப்பின் எதிர்காலம் முழுதும் வரையறுத்த ஊடகத்தில் இல்லை, அளந்து கட்டுப்படுத்திய சாற்றில்தான் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் சாற்றைத் தாங்கும் செல் வேண்டும். மறுபடியும் செல்லிடமே வந்து நிற்கிறோம்.

செல்லை மாற்றுவது

எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யாக்கோவ் நஹ்மியாஸ் குழுவினர் 2023இல் கோழியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைப் பற்றி வெளியிட்டது இதற்கு ஏற்ற சான்று. மரபணுவில் கைவைக்காமல், தாமாகவே எல்லையற்ற பிரிவுத்திறனை அடைந்த செல்களைத் தேர்ந்தெடுத்து, சீரமற்ற ஊடகத்தில் மிதந்தபடி வளரப் பழக்கினார்கள். ஒரு மில்லிலிட்டரில் 10.8 கோடி செல்கள். எடையில் கலனின் கொள்ளளவில் 36 விழுக்காடு. மறு ஆண்டு வெளிவந்த தொடர் ஆய்வில் விலங்குப் பொருளற்ற ஊடகத்தின் விலை லிட்டருக்கு 0.63 டாலர் என்றார்கள். ஈ8இன் 377 டாலரோடு ஒப்பிட்டால் அறுநூறில் ஒரு பங்கு. இதை ஊடகத்தின் வெற்றி என்று செய்திகள் எழுதின. உண்மையில் குறைவாகக் கேட்கும் செல்லைக் கண்டுபிடித்ததன் வெற்றி அது. அதே ஊடகத்தில் மாட்டின் சாட்டிலைட் செல் இப்படி வளர்ந்ததாக யாரும் காட்டவில்லை. மேலும் ஃபைப்ரோபிளாஸ்ட் தசைச் செல் அல்ல. இணைப்புத் திசுவின் செல். லெசித்தின் கொடுத்தால் கொழுப்பைச் சேர்க்கும், தாவரப் புரதத்தோடு கலந்து உண்ணத் தக்கதாகும். ஆனால் தசைநார் ஆகாது.

டஃப்ட்ஸ் குழு 2024 தொடக்கத்தில் இன்னும் துணிந்த ஒன்றைச் செய்தது. மாட்டுத் தசைச் செல்லுக்குள்ளேயே எஃப்ஜிஎஃப்2ஐச் சுரக்கும் மரபணுவைப் புகுத்தினார்கள். செல் தனக்கு வேண்டிய சமிக்ஞையைத் தானே அனுப்பிக்கொள்கிறது; ஊடகத்தில் அதை ஊற்ற வேண்டியதில்லை. சாட்டோவின் பட்டியல் கரைசலிலிருந்து செல்லுக்குள் குடியேறிவிட்டது என்று சொல்லலாம். அதே ஆய்வில் புற்றுநோயோடு தொடர்புடைய ராஸ் மரபணுவின் மாற்ற வடிவத்தையும் சோதித்தார்கள். இங்கே எதிர்ப்பு எழுவது இயல்பு: எல்லையின்றிப் பிரியும் செல்லை, அதுவும் புற்றோடு தொடர்புள்ள மரபணுவோடு, தின்பதா? சமைத்த செல் பிழைப்பதில்லை. செரிமானம் மரபணுவையும் சிதைத்துவிடும். உயிரியல் ரீதியாக இந்த அச்சம் வலுவற்றது என்றே தோன்றுகிறது. ஆனால் உணவில் உயிரியல் மட்டும் முடிவு செய்வதில்லை. மரபணு மாற்றத்தைக் கடுமையாக அணுகும் ஐரோப்பாவில் இந்த வழி நீண்ட காலம் அடைபட்டிருக்கலாம். உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் 2023இல் வெளியிட்ட அறிக்கை 53 சாத்தியமான இடர்களைப் பட்டியலிட்டது. பல, மற்ற உணவுகளிலும் உள்ளவையே என்றும் சொன்னது.

இதிலிருந்து ஒரு சங்கடமான ஒழுங்கு தெரிகிறது. மிக மலிவான ஊடகத்தில் வளரும் செல் இறைச்சியிலிருந்து தள்ளி நிற்கிறது. இறைச்சிக்கு மிக நெருங்கிய செல் அதிகம் கேட்கிறது. வெளியான ஆய்வுகளில் இதற்குத் தெளிவான விலக்கு இன்னும் இல்லை.

மருந்துத் துறை செய்துவிட்டதே?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு மருந்துத் துறையிலிருந்து வருகிறது. வெள்ளெலிக் கருப்பைச் செல்கள் இன்று ஆயிரக்கணக்கான லிட்டர் கலன்களில் ஒரு துளி சீரமின்றி வளர்ந்து எதிர்ப்புப் புரத மருந்துகளைத் தருகின்றன. 1990களில் பைத்தியப் பசு நோய் பரவியபோது விலங்குப் பொருள்களை விட்டுவிடும்படி அந்தத் துறை நெருக்கப்பட்டது; விட்டும்விட்டது. இறைச்சித் துறை செய்ய முடியாதா? செய்யலாம், ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. வெள்ளெலிச் செல் 1950களிலிருந்து கலனில் வாழப் பழகியது. பெருகினால் போதும், எதுவாகவும் மாற வேண்டியதில்லை. அதன் விளைபொருள் கிராமுக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை போகிறது. இறைச்சியில் செல்லேதான் பண்டம்; அது கிலோ கணக்கில் விற்க வேண்டும்.

அளவு கூடினால் விலை இறங்கும் என்பது இரண்டாம் மறுப்பு. இன்சுலின் ஒரு காலத்தில் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து வந்தது. 1982இல் மறுசேர்க்கை இன்சுலின் ஒப்புதல் பெற்று, இன்று பெரும் தொழிலாகிவிட்டது. வளர்ச்சிக் காரணிகளுக்கு இது பொருந்தும். ஆனால் டேவிட் ஹம்பர்ட் 2021இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வில், ஆலை பெரிதாகிய பின்னும் செல்லின் அடக்கவிலை கிலோவுக்கு 37 முதல் 51 டாலர் என்றே வந்தது. அமினோ அமிலங்களின் விலையும், கழிவாகச் சேரும் அம்மோனியாவும், கிருமியற்ற கலனின் முதலீடும் அங்கே இடித்தன. நஹ்மியாஸ் குழுவின் கணக்கு இதற்கு எதிரான நம்பிக்கை தருகிறது. அவர்கள் வடிகட்டியைப் பொருத்திச் செல்களைத் தக்கவைத்து ஊடகத்தை மட்டும் புதுப்பித்தார்கள். இருபது நாள் ஓட்டத்தை அளந்தார்கள். ஆலை அளவு பற்றியது மட்டும் இன்னும் கணிப்பே. ஹம்பர்ட் மருந்துத் துறையின் செலவுப் பழக்கங்களை உணவின்மேல் ஏற்றிவிட்டார் என்ற குறையும், நஹ்மியாஸ் சிறு கலனின் விளைச்சலைப் பெருங்கலனுக்கு நீட்டிவிட்டார் என்ற குறையும் ஒரே அளவில் நியாயமானவை.

தூய்மையின் தரத்திலும் இதே பிளவு. மறுசேர்க்கைப் புரதங்களைப் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவில் செய்கிறார்கள். அதன் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் செல்களைப் பாதிக்கலாம். டேவிஸின் டெரிக் ரிஸ்னர் குழு 2023இல், ஊடகம் முழுவதும் மருந்துத் தரத்துக்குத் தூய்மைப்படுத்தப்பட்டால் பசுங்குடில் வாயு வெளியீடு சராசரி மாட்டிறைச்சியைவிட 4 முதல் 25 மடங்கு ஆகலாம் என்றது. ‘தூய்மைப்படுத்தப்பட்டால்’ என்ற நிபந்தனை அங்கே முக்கியம். உணவுத் தரம் போதுமென்றால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். எது போதும் என்பதை ஊடகத்தை மட்டும் சோதித்துச் சொல்ல முடியாது. எந்தச் செல் எவ்வளவு எண்டோடாக்சினைத் தாங்கும் என்பதைப் பொறுத்தது அது.

இன்னும் தீராதவை

சீரமின்றி விற்பனைக்கு வர முடியும் என்பதில் ஐயமில்லை. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உலகிலேயே முதலாக ஒப்புதல் அளித்த கோழி இறைச்சி சிறிதளவு சீரத்தோடு வளர்ந்தது. அதைத் தயாரித்த நிறுவனத்தின் சீரமற்ற முறைக்கு 2023 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அத்தகைய ஊடகங்களின் செய்முறை நிறுவனங்களின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. திறந்த இதழ்களில் வந்தவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டியிருப்பதால், இங்கே சொன்ன கணக்குகள் துறையின் உண்மை நிலையைவிடச் சற்றுப் பின்தங்கியிருக்கலாம்.

நாராக்கும் கட்டத்தில்தான் இடைவெளி மிகப் பெரியது. மோசா மீட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022இல் இதற்கொரு புத்திசாலித்தனமான வழி காட்டினார்கள். சீரப் பட்டினியின்போது மாட்டுச் செல்லின் மேற்பரப்பில் எந்த ஏற்பிகள் கூடுகின்றன என்று பார்த்து, அவற்றைத் தூண்டும் பொருள்களைச் சீரமற்ற ஊடகத்தில் சேர்த்து, பட்டினியில்லாமலே செல்களை நாராக்கினார்கள். பெருகுவதற்கு ஒன்று, நாராவதற்கு ஒன்று, கொழுப்புச் செல்லுக்கு இன்னொன்று என்று ஊடகங்கள் வரிசையாக வேண்டியிருக்கும்போது, தடித்த திசுவின் நடுவிலுள்ள செல்லுக்கு அவை உரிய நேரத்தில் போய்ச் சேருமா என்பது திறந்தே இருக்கிறது. மீன் செல்களைப் பற்றிய அறிவு இன்னும் இளமையானது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரியில் செல்வளர்ப்பு மீன் இறைச்சிக்காக ஒரு தனியார் நிறுவனத்தோடு கைகோத்திருக்கிறது. பாலூட்டிகளின் வளர்ச்சிக் காரணிகள் மீனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அங்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

சீரமும் வளர்ச்சிக் காரணிகளும் அல்புமினும் ஒவ்வொன்றாக விலகிய பிறகு எஞ்சுவது சர்க்கரையும் அமினோ அமிலமும். அவை சோளத்திலிருந்தோ சோயாவிலிருந்தோ வர வேண்டும். இறைச்சிக்கோழி இரண்டு கிலோவுக்கும் குறைவான தீவனத்தில் ஒரு கிலோ எடை கூடுகிறது. தீவனத்தைச் சுத்திகரிக்க வேண்டியதில்லை, கிருமியற்ற கலனும் வேண்டியதில்லை. கலனிலுள்ள செல் தனக்குக் கொடுத்த அமினோ அமிலத்தில் எத்தனை பங்கை உடலாக்குகிறது, எத்தனை பங்கை அம்மோனியாவாக்கி வெளியே தள்ளுகிறது என்பதைப் பெருங்கலனில், நிறுவனச் சார்பற்றவர்கள், மாதக்கணக்கில் ஓட்டி அளந்து வெளியிட வேண்டும். அந்த எண் வரும்வரை, சீரமற்ற ஊடகம் கோழியோடு போட்டியிடுமா என்பதற்கு இரு தரப்பும் தரும் விடைகள் அனுமானங்களின் மேல்தான் நிற்கின்றன.